வான்கோழி மீட்பால் சாலட்: உருண்டை கல்லாட்டம் ஆயிடுது, அப்பாவுக்கு எப்புடி செஞ்சு குடுக்கறது?

செந்தூல்காரி:

வணக்கம் எல்லாருக்கும். எங்க அப்பாவுக்கு 67 வயசு, இனிப்புநீர் இருக்கு. போன மாசம் க்ளினிக் கெசிஹாத்தான், அதான் மலேசிய அரசாங்க க்ளினிக், போனப்ப ராத்திரி சாப்பாட்ட மாத்தச் சொன்னாங்க, தட்டுல பாதி காய் பழம், கால்வாசி சோறு, கால்வாசி கறி மீன், அந்த சுக்கு சுக்கு செப்பாரோ (மலாய்ல கால், கால், பாதி) படத்தையும் கையில குடுத்து அனுப்பினாங்க. மாட்டுக்கறி எங்க வீட்டுல கெடையாது, ஆட்டுக்கறிய கொறைச்சுட்டோம், கோழியே தின்னு தின்னு அவருக்கு அலுத்துப் போச்சு. அதான் சூப்பர்மார்க்கெட் ஃப்ரீசர்ல அரைச்ச வான்கோழி 500 கிராம் பாக்கெட் கண்ணுல பட்டதும் வாங்கிட்டு வந்து மீட்பால் போட்டு சாலட் செஞ்சேன்.

முட்டை, ரொட்டித்தூள், உப்பு, மசாலா எல்லாம் போட்டு சப்பாத்தி மாவு மாதிரி நல்லா அழுத்திப் பெசஞ்சு ஏர் ஃப்ரையர்ல 200ல 20 நிமிசம் வச்சேன். வெளிய கல்லு, உள்ள மரத்தூள். சாலட்டும் சரியா வரல, சுடச்சுட உருண்டைய மேல வச்சதுல இலையெல்லாம் வதங்கிப் போயி கிண்ணத்துக்கு அடியில தண்ணியா நின்னுச்சு. அப்பா ரெண்டு உருண்டைய ரசத்துல ஊறவச்சு சாப்பிட்டாரு, இலைய கருவேப்பிலை மாதிரி ஓரமா ஒதுக்கி வச்சுட்டு ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சுட்டு "நல்லாருக்குமா"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்க தப்பு பண்றேன், கொஞ்சம் சொல்லுங்க.

பட்டர்வொர்த் அக்கா:

தங்கச்சி, மனச விடாத. வான்கோழியில கொழுப்பு கம்மி, அதுலயும் நெஞ்சுக்கறின்னா ரொம்பவே கம்மி, அதனால ஈரத்த நாமதான் உள்ள வச்சுக் குடுக்கணும். நீ காஞ்ச ரொட்டித்தூள் போட்டிருக்க, அது கறியில இருந்த கொஞ்ச நஞ்ச ஈரத்தையும் குடிச்சுருச்சு. இன்னொன்னு அழுத்திப் பெசஞ்சது. உப்பு போட்டு பெசையப் பெசைய கறி இழுத்துப் புடிச்சு ரப்பர் மாதிரி ஆயிடும்.

நம்ம கோலா உருண்டை மாதிரி நெனச்சுக்கோ, ஆனா பொட்டுக்கடலை மாவுக்குப் பதிலா ஓட்ஸ். 500 கிராம் கறிக்கு கைப்பிடி அளவு ஓட்ஸ எடுத்து மூணு கரண்டி தயிரு இல்லன்னா பால்ல பத்து நிமிசம் ஊறப்போடு, கஞ்சி மாதிரி கொழகொழன்னு ஆகணும். ஒரு சின்ன வெங்காயத்த நறுக்காத, துருவு, அந்தச் சாறோடயே போடு. இஞ்சி பூண்டு ஒரு டீஸ்பூன், பச்சமொளகா ரெண்டு, கொத்தமல்லி புதினா ஒரு கைப்பிடி பொடியா அரிஞ்சது, சீரகத்தூள், மொளகுத்தூள், ஒரு முட்டை. இத எல்லாம் தனியா கலந்துட்டு கடைசியா கறியப் போட்டு வெரல் நுனியால பெரட்டி விடு, ஒன்னா சேந்துச்சுன்னா கைய எடுத்துடு. மாவு பிசுபிசுன்னு தளர்வா இருக்கும், பயந்துகிட்டு இன்னும் ரொட்டித்தூள் கொட்டிடாத, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சா தானா இறுகிடும். கைய தண்ணியில நனச்சுகிட்டு நெல்லிக்கா சைஸுக்கு உருட்டு. எண்ணெய்ல பொரிக்க வேணாம், மேல லேசா எண்ணெய் தடவுனாப் போதும்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:

அக்கா சொன்ன ஓட்ஸ் சரி, ஆனா உங்க உருண்டை கல்லாகுனதுக்கு முக்கிய காரணம் அந்த 20 நிமிசம்தான்னு நெனைக்கிறேன். சின்ன உருண்டைக்கு 200ல 20 நிமிசம் ரொம்ப ஜாஸ்தி. 180 டிகிரில 10, 12 நிமிசம் வச்சுட்டு பாருங்க, அடுப்பு ஓவன்னா 200ல 15லேர்ந்து 18. அதுக்காக வேகாமயும் எடுத்துடக்கூடாது, அரைச்ச வான்கோழியும் கோழியும் உள்ள 74 டிகிரி செல்சியஸ் தொட்டாகணும், அதுல சமரசம் கெடையாது, வயசானவங்க சாப்பிடறதுன்னா இன்னும் கவனம். குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் ஒன்னு வாங்கிடுங்க, ரொம்ப வெலை இல்ல. நானும் ரொம்ப நாளா உருண்டைய பிச்சுப் பிச்சுத்தான் பாத்துகிட்டு இருந்தேன், இப்ப 74 காட்டுன நிமிசமே எடுத்துடறேன், கடிச்சா சாறு வருது.

இன்னொரு விசயம், வான்கோழின்னாலே கொழுப்பு இல்லன்னு நெனச்சுடாதீங்க. அரைச்ச பாக்கெட்ல தோலும் கொழுப்பும் சேந்து இருக்கலாம், பின்னாடி எழுதியிருக்கறத படிச்சுட்டு வாங்குங்க. டிசம்பர்ல கிறிஸ்மஸ் சமயம் முழு வான்கோழி நெறைய வரும், மத்த மாசத்துல தேடி அலையணும். கெடைக்காத நாள்ல தோல் எடுத்த கோழித் தொடைய கடையிலயே அரைச்சு வாங்கி இதே மாதிரி செய்யுங்க. நெஞ்சுக்கறிய விட கொழுப்பு கொஞ்சம் கூட, ஆனா காயாது. உருண்டைக்கு அதுதான் எனக்குப் புடிக்கும். ஃப்ரீசர் கறிய மட்டும் வெளிய வச்சு எளக்காதீங்க, நம்ம ஊரு சூட்டுக்கு ஆகாது, மொத நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு எறக்கி வச்சிடுங்க.

ஆயர் ஈத்தாம்:

எல்லாரும் உருண்டையப் பத்தியே பேசறீங்க, அப்பா ஒதுக்கி வச்சது இலையத்தானே. எங்க மாமனாரும் இப்புடித்தான், சாலட் இலைய பாத்தாலே "இது ஆடு திங்கறது"ம்பாரு. ஆனா அவரே பாசார்ல (சந்தையில) உலாம், அதான் பச்சையா திங்கற இலை தழை, விக்கிற மலாய்க்கார மக்சிக் (அம்மா) கடையப் பாத்தா வல்லாரை ஒரு கட்டு வாங்காம வரமாட்டாரு. சின்ன வயசுலேர்ந்து பழகுன வாய்மா அது, அதுக்குப் புடிச்சத குடுங்க. நான் இப்ப மலாய்க்காரங்க செய்யற கெராபு சாலட் மாதிரிதான் செய்யறேன்.

வல்லாரை ஒரு கட்டு, கச்சாங் போட்டோல் (சிறகு அவரை) நாலஞ்ச சாய்ச்சு மெல்லிசா நறுக்கினது, செங்குவாங் கிழங்கு குச்சி குச்சியா, சின்ன வெங்காயம், பாதி மாங்கா, அப்புறம் பூங்கா காந்தான் (இஞ்சி வகைப் பூ) பாதி மொட்டு, அத எவ்வளவு பொடியா அரிய முடியுமோ அவ்வளவு பொடியா. லக்சா நூடுல்ஸ்ல வர்ற அந்த வாசனை கிண்ணத்துலேர்ந்து வந்தாலே பெருசுங்க கிட்ட வந்துடுவாங்க! திமுன (வெள்ளரிக்கா) போடறதா இருந்தா நடுவுல இருக்குற வெதைய வழிச்சுப் போட்டுடுங்க, தண்ணி விடறதே அதுதான். இலைய கழுவுனதும் சுத்தமான துணியில சுத்தி ஒதறி ஒதறி காய வைங்க, ஈர இலையில சாறு ஒட்டாது, வழிஞ்சு அடியில போயிடும்.

பாட்டில் சாஸ் வேணாம். மயோனெய்ஸ் ஒரு மேசைக்கரண்டியிலயே கிட்டத்தட்ட 90 கலோரி, அத ஊத்திட்டு லேசான சாப்பாடுன்னு சொல்ல முடியாது. கெட்டித் தயிரு நாலு கரண்டி, லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) நாலஞ்சு புழிஞ்சு, வறுத்து இடிச்ச சீரகம், உப்பு ஒரு சிட்டிகை. சாப்பிட உக்காரும்போது கலந்தாப் போதும், முன்னாடியே கலந்து வைக்காதீங்க. உருண்டையையும் ஒரு அஞ்சு பத்து நிமிசம் ஆறவிட்டு வைங்க. கெரிசிக் (வறுத்து இடிச்ச தேங்கா) மேல தூவலாம், ஒரு டீஸ்பூனோட நிறுத்திக்கணும், தேங்கா இல்லையா.

ஒன்னு மட்டும் கட்டாயம் சொல்லணும். அப்பா இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தா, சோத்த ஒரேயடியா நிறுத்திடாதீங்க, சில மருந்துக்கு சர்க்கரை ரொம்ப எறங்கிடும். க்ளினிக்ல கேட்டுகிட்டு கொறைங்க. நான் அந்தக் கால் பங்குக்கு அவிச்ச கொண்டைக்கடலைய சாலட்டுலயே போட்டுடறேன், வயிறும் நெறைஞ்சுடும்.

செந்தூல்காரி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து செஞ்சேன். ஓட்ஸ தயிருல ஊறவச்சு, பெசையாம பெரட்டி, 180ல 11 நிமிசம். தெர்மாமீட்டர் இன்னும் வாங்கல, அதனால பெரிய உருண்டையா பாத்து ஒன்ன ரெண்டா வெட்டிப் பாத்தேன், ரோஸ் கலர் இல்லாம வெந்திருந்துச்சு, அழுத்துனா ஈரம் கசிஞ்சுச்சு. சௌ கிட் பாசார்ல வல்லாரை, பூங்கா காந்தான் ரெண்டும் கெடைச்சுச்சு, கச்சாங் போட்டோல் கெடைக்கல, நீட்டு பயத்தங்காய பச்சையாவே பொடியா நறுக்கிப் போட்டேன்.

அப்பா மொதல்ல மோந்து பாத்தாரு. "இது எங்கம்மா தோட்டத்துல இருந்தப்ப அரைக்கிற வல்லாரைத் தொவையல் வாசம்"ன்னாரு, எஸ்டேட் கதைய ஆரம்பிச்சுட்டாரு, பேசிகிட்டே கிண்ணத்த காலி பண்ணிட்டாரு. ஒரு இலை ஒதுக்கல. மருந்து விசயத்த அடுத்த செக்கப்ல கேக்கறேன், அதுவரைக்கும் ஒரு கரண்டி சோறு தனியா வச்சுடறேன்.

ஒரே ஒரு கேள்வி, வேலைக்குப் போறவ நானு, உருண்டைய மொத்தமா செஞ்சு ஃப்ரீசர்ல வைக்கலாமா?

பட்டர்வொர்த் அக்கா:

தாராளமா வை. நீ வாங்குறதே ஃப்ரீசர் கறி, எளக்குனத பச்சையா திரும்ப ஒறைய வச்சா தண்ணி விட்டு சப்புன்னு ஆயிடும், அதனால வேகவச்சு ஆறவிட்டு தட்டுல ஒன்னோட ஒன்னு ஒட்டாம பரப்பி வை, இறுகுனதும் பையில கொட்டி தேதி எழுதிடு. ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தீத்துடு. ஃப்ரீசர்ல வைக்காம ஃப்ரிட்ஜ்ல மட்டும்னா மூணு நாள். சூடு பண்ணும்போது மேல ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சு மூடி போட்டு உள்ள வரைக்கும் நல்லா சுட வை, இல்லன்னா மறுபடி காஞ்சிடும். பயத்தங்காய அடுத்த வாட்டி ஒரு நிமிசம் கொதி தண்ணியில போட்டு எடுத்துடு தங்கச்சி, பச்சையா வேணாம், அப்பா பல்லுக்கும் நல்லது.