வகுப்பில் பார்வையற்ற மாணவர்: நான் என்னென்ன மாற்ற வேண்டும்?

வரலாற்று ஆசிரியை:
வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பி.ஏ. வரலாறு முதலாண்டு, தமிழ்வழி. இந்த ஆண்டு முழுப் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஆர்வமாகக் கேள்வி கேட்கிறார். ஆனால் போர்டில் எழுதுவது, வரைபடம், நோட்ஸ் எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பக்கத்தில் உட்காரும் பையன் வாசித்துக் காட்டுகிறான். அவன் வராத அன்று அதுவும் இல்லை. அடுத்த மாதம் இன்டர்னல். துறையில் கேட்டால், "பாஸ் மார்க் போட்டுவிடலாம், கவலைப்படாதீங்க" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தமிழ்த்துறைக்காரன்:
மேடம், நானும் பார்வையற்றவன்தான்; கல்லூரியில் தமிழ் எடுக்கிறேன். பாஸ் மார்க் யோசனையை நீங்கள் ஏற்காதது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. எனக்கும் இளங்கலையில் அப்படித்தான் போட்டார்கள். எம்.ஏ. சேர்ந்த பிறகு மற்றவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியவில்லை.

முதலில் அவரிடமே கேளுங்கள். பிரெய்லா, போனில் டாக்பேக்கா, கணினியில் என்விடிஏவா (இவை இரண்டும் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்கள்)? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறோம்.

அப்புறம் நோட்ஸ். நம் கல்லூரிகளில் பெரிய தடை இதுதான். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பைத் திரைவாசிப்பான் தமிழாகப் படிக்காது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று அடித்திருந்தால் எங்களுக்கு 'ஜே கே பி ஓ' என்று கேட்கும். பழைய கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு, திரைவாசிப்பான் படிக்கக்கூடிய யூனிகோடாக மாற்றிவிடலாம், இலவசம்தான். புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் எங்களுக்கு அது வெறும் படம். கூகுள் லென்ஸில் எழுத்தாக எடுத்து, பிழை பார்த்து, முடிந்தால் வகுப்புக்கு முந்தைய நாளே அனுப்புங்கள்.

போர்டில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். "இங்கிருந்து இங்கே படை போச்சு" என்றால் எங்களுக்கு எதுவும் புரியாது. "தஞ்சாவூரிலிருந்து வடகிழக்கே, கொள்ளிடம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம்" என்றால் மனதில் படம் வந்துவிடும். மற்ற மாணவர்களுக்கும் அது நல்லதுதான். வரைபடத்துக்குக் கெட்டி அட்டை போதும்: ஆற்றுக்கு நூல், கடற்கரைக்குச் சணல், ஊருக்குப் பாசிமணி ஒட்டுங்கள். விரலால் தடவிப் பார்த்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

தேர்வு விஷயத்தில் தயங்காதீர்கள், இதெல்லாம் சலுகை இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவிலேயே கூடுதல் நேரமும் ஸ்கிரைப் (நாம் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவர்) வசதியும் இருக்கின்றன. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம். வரைபடக் கேள்விக்கு மாற்றுக் கேள்வி கொடுங்கள், ஆனால் அதே கனத்தில் இருக்கட்டும்.

காமர்ஸ் மிஸ்:
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் வகுப்பில் காது கேளாத மாணவி இருக்கிறாள். சென்னை மாநிலக் கல்லூரியில் இவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. உண்டு, மற்ற ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் பொது வகுப்பில்தான் படிக்கிறார்கள். அவள் என் உதட்டைப் பார்த்துப் படிப்பவள். அதனால் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவதை நிறுத்தினேன்: எழுதிவிட்டுத் திரும்பி, பிறகு பேசுவேன். ஒரே வகுப்பில் இருவகை மாணவரும் இருந்தால் எழுதும்போது ஒருமுறை, திரும்பி ஒருமுறை சொல்ல வேண்டும். நேரம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

வரலாற்று ஆசிரியை:
மிக்க நன்றி சார், மிஸ். இன்று அவரிடம் கேட்டேன். டாக்பேக் வைத்திருக்கிறார், பிரெய்லும் தெரியும். என் நோட்ஸ் முழுக்கப் பாமினிதான், மாற்ற ஆரம்பித்துவிட்டேன். ஸ்கிரைபாக எங்கள் இரண்டாமாண்டு மாணவரையே வைக்கலாமா?

தமிழ்த்துறைக்காரன்:
வேண்டாம் மேடம். அதே பாடம் படித்தவர் என்றால் பதில் யாருடையது என்று பின்னால் பேச்சு வரும். மாணவரே அழைத்து வரும் ஸ்கிரைபுக்குக் கல்வித்தகுதி தேர்வு எழுதுபவரைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழைப் பிழையில்லாமல் வேகமாக எழுதுபவராகப் பாருங்கள். முதல்வருக்கு இந்த வாரமே கடிதம் கொடுத்துவிடுங்கள். தேர்வுக்கு முன் இருவரையும் ஒருநாள் உட்காரவைத்து ஒரு பழைய வினாத்தாளை எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு வேகமாகச் சொல்லலாம் என்பது அப்போதுதான் மாணவருக்குப் பிடிபடும்.