ஒளிவழிப் பார்வைச் சிகிச்சை (ஆப்டோஜெனிடிக்ஸ்): இந்தியாவில் யாரை அணுகுவது?

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அண்ணனுக்கு 44 வயது, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற, விழித்திரை படிப்படியாகச் சிதையும் பரம்பரை நோய். 15 வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கியது. 30 வயதில் குழாய்க்குள் பார்ப்பதுபோல் பார்வை சுருங்கியது. நான்கு ஆண்டுகளாக வெளிச்சமா இருட்டா என்பது மட்டுமே தெரிகிறது. அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். இன்றும் சேலம் பஸ்ஸில் சாய்வை வைத்தே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிச் சொல்வார், ஒன்றுகூடத் தப்பாது.

சேலத்தில் இரண்டு மருத்துவமனைகள், மதுரையில் ஒன்று பார்த்துவிட்டோம். விழித்திரையின் மின் பரிசோதனையில் அசைவே இல்லை. ஆனால் ஸ்கேனில் உட்புற நரம்பு அடுக்கு ஓரளவு மிஞ்சியிருக்கிறது என்றார்கள். மரபணுப் பரிசோதனையில் குறை ஆர்பிஇ65 என்ற மரபணுவில் இல்லை. ஆகவே அதற்கென 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்து எங்களுக்கு உதவாது. நாட்டுச் சொட்டு மருந்துக்கு எட்டாயிரம் ரூபாய் அழுததை விட்டுவிடுகிறேன்.

மிஞ்சிய நம்பிக்கை ஆப்டோஜெனிடிக்ஸ். பாசியின் ஒளியுணர் புரதத்தையொட்டி உருவாக்கிய மரபணுவை வைரஸ் வழியே கண்ணுக்குள் செலுத்தி, பிழைத்திருக்கும் நரம்புச் செல்களையே ஒளியை உணர வைக்கிறார்கள். 2021-இல் வெளியான ஆய்வில், பல ஆண்டுகள் பார்வையற்றிருந்த 58 வயதுக்காரர் மேசைமேல் இருந்த டம்ளர்களை எண்ணினார். அதற்கான சிறப்புக் கண்ணாடியை அணிந்தபோது மட்டும்தான். முழுப் பார்வை திரும்பாது என்று அண்ணனுக்கும் தெரியும். டம்ளர் தெரிந்தால் போதும் என்கிறார்.

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தேடினேன், எதுவும் அகப்படவில்லை. இந்தச் சிகிச்சையின் சோதனைக்கு நோயாளிகளைச் சேர்க்கும் மையம் இந்தியாவில் எங்கேனும் இருக்கிறதா?