இரத்த வாயு அறிக்கையும் ஈ.சி.ஜி.யும்: மூத்தவர்களின் வழிகாட்டுதல் தேவை

மதிப்பிற்குரிய மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியாற்றும் பயிற்சி மருத்துவர். சிறுநீரகம் செயலிழந்த சர்க்கரை நோயாளி ஒருவர் அண்மையில் கடும் மூச்சிரைப்புடன் வந்தார். ஈ.சி.ஜி.யில் டி அலைகள் கூடாரம்போல் கூராக எழுந்திருந்தன. பி அலை ஏறக்குறைய மறைந்து, இதயக் கீழறைகளின் மின்துடிப்பைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். பகுதி அகன்றிருந்தது. இரத்தப் பொட்டாசியம் 7.1 என மிக உயர்ந்திருப்பதாக முடிவு வருவதற்கு முன்பே எங்கள் மூத்த மருத்துவர் 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாகச் செலுத்த, சில நிமிடங்களில் மானிட்டரில் கியூ.ஆர்.எஸ். குறுகியதை அருகில் நின்று பார்த்தேன். கால்சியம் இதயத்தைக் காக்குமே தவிரப் பொட்டாசியத்தைக் குறைக்காது என்பதால், இன்சுலினும் குளுக்கோஸும் தொடர்ந்தன.

என் ஐயம் இரத்த வாயு அறிக்கையைப் பற்றியது. பி.எச். 7.12, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 24, பைகார்பனேட் 7.6, சோடியம் 132, குளோரைடு 98. அழுத்தம் 24 எனக் குறைந்திருந்ததும், இரத்தத்தில் மிகுந்த அமிலத்தை நுரையீரல் நன்றாக ஈடுகட்டுகிறது என்று நிம்மதியடைந்துவிட்டேன். பின்னர், ஈடுகட்டும்போது இந்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணிக்கும் வின்டர்ஸ் சூத்திரப்படி பைகார்பனேட்டை 1.5ஆல் பெருக்கி 8ஐக் கூட்டி, இருபுறமும் 2 விட்டுப் பார்த்தபோது, அழுத்தம் ஏறக்குறைய 17க்கும் 21க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

அவருடைய மூச்சுத்தசைகள் அப்போதே களைக்கத் தொடங்கியிருந்தன என்று இதைக் கொள்ளலாமா, அல்லது இந்தச் சிறு வேறுபாட்டுக்கு நான் மிகையாகப் பொருள் கொள்கிறேனா? மாரடைப்பின் தொடக்கத்திலும் டி அலை உயரும் என்பதால், பொட்டாசிய முடிவு கைக்கு வராத அந்த நிமிடங்களில் இரண்டையும் எவ்வாறு பிரித்தறிகிறீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து விளக்குங்கள்.