டார்ட்மூரில் தனியாக நிற்கும் கல்: குத்துக்கல்லா, வாயிற்கல்லா?

மூர்நடை:
இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்ற மூரின் (மரமில்லாத தரிசு மேட்டுநிலத்தின்) வடபகுதியில், பாதையே போகாத ஒரு சரிவில் இந்தக் கிரானைட் கல் நிற்கிறது. மார்பளவு உயரம், தட்டையான உடல், மேலே போகப் போக ஒடுங்குகிறது. வரைபடத்திலும் இல்லை, மாவட்டத் தொல்லியல் பதிவேட்டிலும் இல்லை. வெண்கலக் காலத்துக் குத்துக்கல் என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்து?

உளிச்சத்தம்:
அந்த மூரில் நட்ட கல்லுக்கா பஞ்சம்? வாயிற்கல் (வயல் கதவை மாட்டும் கல்தூண்), எல்லைக்கல், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள விவசாயிகள் நட்ட கல் என்று எத்தனையோ உண்டு. முதலில் விளிம்பைப் பாருங்கள். பாதித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால், அது 1800ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ துளையிட்டு ஆப்பு அடித்துப் பிளந்த கல். படத்தில் அடியைச் சுற்றித் தெரியும் பள்ளமும் மாடு மிதித்ததுதான்.

மூர்நடை:
எல்லா விளிம்பையும் தடவிப் பார்த்துவிட்டேன், துளை இல்லை. பள்ளத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பழைய குத்துக்கல்லிலும் மாடு உரசத்தான் செய்யும். அந்தப் பள்ளத்துக்குள் அடைகற்கள் (கல் சாயாமலிருக்கக் குழியில் செருகுபவை) தெரிகின்றன. முகம் முழுக்கக் கல்பாசி.

உளிச்சத்தம்:
அடைகல் இல்லாமல் எந்த வாயிற்கல்லும் நிற்காது. கல்பாசி படர இருநூறு வருஷம் தாராளம். பதிவேட்டில் இல்லை என்பது பழமைக்குச் சான்றும் ஆகாது. வில்லியம் கிராசிங் போன்றவர்கள் காலமெல்லாம் நடந்து எழுதிய நிலம் அது. நிற்கிற கல் அவர்கள் கண்ணுக்குத் தப்புமா?

ஹீதர்மேடு:
ஏன் தப்பாது? இதே மூரில் உள்ள சிட்டஃபோர்ட் கல்வட்டம் 2007இல்தானே தெரிய வந்தது! 30 கற்கள் வட்டமாகச் சாய்ந்து கிடந்தும் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இங்கேயே கட் ஹில் கல்வரிசை கண்டறியப்பட்டது 2004இல். இன்னொன்று, எல்லைக்கல் என்றால் பழையதல்ல என்று ஆகிவிடாது. இதே மூரின் ஷவல் டவுன் மேட்டில் 3 மீட்டருக்கு மேல் நிற்கும் லாங்ஸ்டோனைப் பாருங்கள். அதில் எல்லை எழுத்துகள் வெட்டியிருக்கிறார்கள், ஆனால் கல் வரலாற்றுக்கு முந்தையது. பக்கத்திலேயே கல்வரிசைகள் இருப்பதால்தான் அதைப் பற்றி நமக்குச் சந்தேகம் வருவதில்லை. மூர்நடை, உங்கள் கல்லுக்குத் துணை ஏதும் உண்டா?

மூர்நடை:
மேட்டுப் பக்கம் இரண்டு கற்கள் புல்லில் பாதி புதைந்து கிடந்தன. ஒரே நேர்கோடு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

புதுவழி:
அடியில் ஓரடி தோண்டினால் தெரிந்துவிடுமே?

உளிச்சத்தம்:
கை வைக்கவே கூடாது. இதில் எனக்கும் மூர்நடைக்கும் வேறுபாடு இருக்காது. கல்லின் வயதைச் சொல்லப்போவது அதன் குழிமண்ணும் அதில் உள்ள கரித்துண்டும் மகரந்தமும்தான். கலைத்தால் போச்சு. இதே மூரின் வைட்ஹார்ஸ் ஹில்லில் 2011இல் அகழ்ந்த கற்பெட்டியில் (இறந்தவரைப் புதைத்த கல்லறைப் பெட்டியில்) கரடித் தோல், கூடை, அம்பர் மணி, வெள்ளீய மணி எல்லாம் கிடைத்தன. நாலாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் ஈரக் கரிமண் கலையாமல் மூடியிருந்ததால்தான் தோல்கூட மிஞ்சியது. தவிர, அனுமதி இல்லாமல் தோண்ட அது நம் நிலமும் இல்லை.

ஹீதர்மேடு:
அளவுகோல் வைத்துப் படமெடுத்து, வரைபடத்தில் இடத்தைக் காட்டும் கட்ட எண்ணோடு தேசியப் பூங்காவின் தொல்லியலாளர்களுக்கு அனுப்புங்கள். இங்கே இடத்தைப் போடாதீர்கள்.

உளிச்சத்தம்:
இதை நான் ஏற்கவில்லை. பத்துப் பேர் போய்ப் பார்த்தால் பத்துக் கருத்து வரும். மறைத்து வைத்த கல்லை யார் சரிபார்ப்பது?

ஹீதர்மேடு:
பத்துப் பேரில் ஒருவர் மண்வெட்டியோடு போனால்? மேலே புதுவழி கேட்டதைப் பார்த்தீர்கள்தானே. முதலில் பதிவாகட்டும், பிறகு ஊருக்கே சொல்லலாம்.

மூர்நடை:
இடத்தை இப்போதைக்குச் சொல்லவில்லை. பெரணி வாடிய பிறகு, குளிர்கால வெயில் தாழ்ந்திருக்கும்போது போய், அந்த இரண்டு கற்களின் திசையை அளந்து வருகிறேன். வடக்கே ராணுவத் துப்பாக்கிப் பயிற்சி எல்லை இருப்பதால், நாளைப் பார்த்துத்தான் போகவேண்டும்.

உளிச்சத்தம்:
விளிம்புகளின் அருகுப்படம் கட்டாயம் எடுங்கள். மூன்றாவதாக ஒரு கல் அதே கோட்டில் கிடைத்தால் உங்கள் பக்கம் வருகிறேன். அதுவரை எனக்கு அது வாயிற்கல்.