சப்போர்ட் வேலையில் இருந்து புராடக்ட் கம்பெனி இண்டர்வியூ: அனுபவத்தை எப்படிச் சொல்வது?

குழித்துறை_ஜாவா:
மார்த்தாண்டத்தில் இருந்து தினமும் கழக்கூட்டம் போய் டெக்னோபார்க்கில் (திருவனந்தபுரம் ஐடி பூங்கா) வேலை பார்க்கிறேன். நாலு வருஷமாக ஒரு காப்பீட்டு கிளையண்டின் ஜாவா அப்ளிகேஷனுக்கு புரொடக்‌ஷன் சப்போர்ட். டிக்கெட் வரும், லாக் பார்ப்பேன், சரிசெய்வேன், மூடுவேன். புதிதாக எதையும் கட்டியதில்லை. இப்போது பெங்களூரு புராடக்ட் கம்பெனி (சொந்த மென்பொருளைச் செய்து விற்பது) ஒன்றில் இருந்து அழைப்பு. கோடிங் ஒரு ரவுண்டு, சிஸ்டம் டிசைன் ஒன்று, மேனேஜருடன் ஒன்று. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் லீட்கோட் (கோடிங் பயிற்சித் தளம்) போட்டுப் பழகுகிறேன், அதில் பயமில்லை. மற்ற இரண்டில் "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்றால் டிக்கெட் மூடினேன் என்றா சொல்வது? 'மைக்ரோசர்வீஸ் வடிவமைத்தேன்' (அதாவது அப்ளிகேஷனைச் சிறு சிறு சேவைகளாகப் பிரித்துக் கட்டினேன்) என்று ரெஸ்யூமேயில் போட்டுக்கொள் என்கிறான் நண்பன். அப்புறம், ஆபீஸில் மலையாளம், வீட்டில் தமிழ். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசிப் பழக்கமில்லை.

தக்கலை_அண்ணாச்சி:
தம்பி, நண்பன் சொன்னதை மட்டும் செய்யாதே. நான் பெங்களூருவில் இண்டர்வியூ எடுக்கிற பக்கம் உட்காருகிறவன். 'வடிவமைத்தேன்' என்று எழுதியவரிடம் மூன்றாவது முறை 'ஏன்' என்று கேட்டாலே பேச்சு நின்றுவிடும்.

நீ பார்த்த ஒரு கோளாறை எடு. உதாரணத்துக்கு, தேடும் பக்கம் காலையில் 30 விநாடி தொங்கி எரர் கொடுக்கிறது. பலரும் "சர்வர் ஸ்லோ, ரீஸ்டார்ட் செய்தோம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த 30 எங்கிருந்து வந்தது? ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 2 முதல் கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்துவது) என்றால் ஹிகாரி என்ற லைப்ரரிதான். யாரும் கை வைக்காமல் விட்டால் அதில் 10 கனெக்‌ஷன், காத்திருப்பு 30 விநாடி. சரி, பத்தும் எங்கே மாட்டின? த்ரெட் டம்ப் (அந்த நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தால் எல்லாம் ஒரே குவெரிக்காகக் காத்து நிற்கிறது. அந்த குவெரி ஏன் இழுக்கிறது? இண்டெக்ஸ் (வரிகளைச் சட்டென்று தேட உதவும் பட்டியல்) இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளைச் சுட்டும் காலம்ன்) போட்டதற்காக அந்த காலம்னுக்கு இண்டெக்ஸ் தானாக வராது, நாம்தான் போட வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "பூலை 100 ஆக்கியிருந்தால் டேட்டாபேஸ்தான் இன்னும் திணறியிருக்கும்" என்று நீயாகவே சேர்த்துச் சொன்னால் நான் பேனாவை எடுத்துவிடுவேன். டிசைன் ரவுண்டில் பாதி இதுதான். வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே படத்தை வரைகிறார்கள்: லோடு பேலன்ஸர் (வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரிப்பது), கேஷ் (அடிக்கடி கேட்பதைக் கைவசம் வைப்பது), காஃப்கா (செய்திகளை வரிசையில் வாங்கி அனுப்புவது). காஃப்கா எதற்கு என்றால் மௌனம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், எழுதுவது அதிகமா படிப்பது அதிகமா என்று முதலில் கேள்.

உச்சரிப்புக்கு யாரும் மார்க் குறைப்பதில்லை. கோடு எழுதும்போது வாயே திறக்காமல் இருந்தால்தான் எனக்கு ஃபீட்பேக்கில் எழுத ஒன்றும் கிடைக்காது.

பாறசாலை_பையன்:
ஜாவா என்றால் ஹாஷ்மேப் (கீயைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் டேபிள்) வராமல் இருக்காது. என்னிடம் கேட்டபோது ஆரம்ப அளவு 16, லோடு ஃபேக்டர் (எவ்வளவு நிரம்பினால் டேபிள் பெரிதாகும் என்ற அளவு) 0.75, ஜாவா 8 முதல் ஒரே பக்கெட்டில் (டேபிளின் ஓர் அறையில்) 8 தாண்டினால் மரமாக மாறும் என்று ஒப்பித்தேன். "டேபிள் அளவு 64க்குக் கீழே இருந்தால்?" என்றார். மரமாகாது, டேபிள்தான் பெரிதாகும் என்றேன். அதனால்தான் வேலை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மனுஷன் அதற்கப்புறம்தான் சிரித்துப் பேசினார்.

களியக்காவிளை_77:
நோட்டீஸ் 90 நாள் என்றால் ஹெச்ஆரின் முதல் காலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஃபர் எழுத்தில் வரும்வரை பேப்பர் போடாதீர்கள் (ராஜினாமா செய்யாதீர்கள்). என் பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டரை இழுத்தடித்தது. புது இடத்தில் யூஏஎன் (பிஎஃப் கணக்குக்கான பொது எண்) வழியாக பிஎஃப் பதிவைப் பார்த்துத் தேதிகளைச் சரிபார்த்தார்கள், தப்பித்தேன். ரெஸ்யூமேயில் ஒரு மாசம்கூட கூட்டிப் போடாதீர்கள்.

குழித்துறை_ஜாவா:
அண்ணாச்சி, எங்களிடம் ஆரக்கிள் டேட்டாபேஸ். பாலிசி டேபிளில் ஒரு வரியை அழித்தால் கிளெய்ம் டேபிள் முழுக்க லாக் ஆகி நின்றது. காரணம் ஃபாரின் கீயில் இண்டெக்ஸ் இல்லை. டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகியிடம்) நான்தான் காட்டிக்கொடுத்தேன். இதைச் சொல்லலாமா?

தக்கலை_அண்ணாச்சி:
இதைக் கையில் வைத்துக்கொண்டா டிக்கெட் மூடினேன் என்கிறாய்? எவ்வளவு நேரம் நின்றது, யாருக்கு வேலை கெட்டது, திரும்ப வராமலிருக்க என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பார். கடைசி ரவுண்டுக்கு நேரில் கூப்பிட்டால் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் (கன்னியாகுமரி - பெங்களூரு ரயில்) வந்து இறங்கிய கையோடு ஆபீஸுக்கு ஓடாதே. ராத்திரி முழுக்கப் பயணம். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடு.