ஸ்ப்ளெண்டர் என்ஜின் ஹெட்டுல சைலென்சர் ஸ்டட் ஒடிஞ்சிருச்சு, ஈஸி அவுட் போடலாமா?

தல்லாகுளம்_100சிசி:
வண்டி 2008 ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். பெண்ட் பைப் (என்ஜின்ல இருந்து சைலென்சருக்குப் போற வளைஞ்ச குழாய்) ஓட்டை விழுந்ததால சைலென்சரை மாத்தணும். பெண்ட் பைப்பை ஹெட்டோட பிடிக்கிற ரெண்டு நட்டுல இடது பக்கம் 10-ம் நம்பர் ஸ்பேனருக்கு வந்திருச்சு. வலது பக்கம் நட்டும் ஸ்டட்டும் (ஹெட்டுல திருகி நிக்கிற, தலையில்லாத மரைக்கம்பி) துருவுல ஒண்ணாகிக் கிடந்துச்சு. முறுக்கினதும் ஸ்டட் கொஞ்ச தூரம் நெகிழ்ந்து திரும்பி, நட்டோட சேர்ந்து ஒடிஞ்சு கையில வந்திருச்சு. ஹெட்டுக்கு வெளியே 4 மி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கு. ஸ்டட் 6 மி.மீ., மரை 1 மி.மீ. பிட்ச். கைல ஹேண்ட் டிரில், வைஸ் கிரிப், ஹீட் கன் இருக்கு. ஈஸி அவுட் செட் (ஒடிஞ்ச போல்ட்டுல துளை போட்டு, உள்ள திருகிக் கழட்டுற கருவி) ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். துளை போட்டு நேரா அதை இறக்கலாமா?

பழைய_ஹோண்டா:
இறக்காதீங்க. காரணத்தைப் பார்த்தா நீங்களே அந்த செட்டை ஓரமா வச்சிருவீங்க. 6 மி.மீ. ஸ்டட்டுக்கு மரை போக அடிக்கம்பி 4.8 மி.மீ. அளவுதான். அந்தக் கம்பி முழுசா இருந்தப்பவே திருகலைத் தாங்காம ஒடிஞ்சிருச்சு. இப்ப அதுக்குள்ள 3 மி.மீ. துளை போட்டு, அதுல பிடிக்கிற மெல்லிசான ஈஸி அவுட்டை வச்சு அதே திருகலைக் கொடுக்கப் பார்க்கிறீங்க. திருகலைத் தாங்குற பலம் விட்டத்தோட கனமடங்குல குறையும். 4.8-க்கு எதிர்ல 3 மி.மீ. கம்பிக்கு வர்றது கால் பங்குதான். ஈஸி அவுட் எஃகு ரெண்டு மடங்கு பலம்னு வச்சாலும் பாதிதான் தேறும். போதாததுக்கு அது கூம்பு வடிவம். உள்ள போகப் போக ஸ்டட்டை நாலு பக்கமும் விரிச்சு மரையில இன்னும் இறுக்கும்.

அது உள்ளயே ஒடிஞ்சா சாதாரண எச்.எஸ்.எஸ். பிட் அதைக் கீறக்கூடச் செய்யாது. அப்புறம் ஹெட்டைக் கழட்டி ஸ்பார்க் எரோஷன் மெஷின் (மின்பொறியால உலோகத்தை அரிச்செடுக்கிறது) உள்ள டை-மோல்டு பட்டறைக்குத்தான் கொண்டுபோகணும்.

உங்களுக்கு 4 மி.மீ. வெளியே இருக்கு. அதுதான் உங்க கைல இருக்கிற முதல். அரத்தால தேய்ச்சு மட்டமாக்கிடாதீங்க.

லேத்மேன்_திருப்பூர்:
முதல்ல ஏன் பிடிச்சிருக்குன்னு பார்த்துக்கலாம். ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. நடுவுல மழைத்தண்ணி. ரெண்டு உலோகமும் தண்ணியும் சேர்ந்தா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தை அரிக்கும். அரிச்சதுல வர்ற வெள்ளைப் பொடி அசல் உலோகத்தை விட அதிக இடம் பிடிக்கும், மரை இடுக்கு முழுக்க சிமெண்ட் மாதிரி அடைஞ்சிரும். அதனால எண்ணெய் மட்டும் விட்டுட்டு இருந்தா நேரம்தான் போகும். சூடு வேணும்.

அலுமினியம் எஃகை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். 6 மி.மீ. துளையில 150 டிகிரி சூடு ஏத்தினா, துளைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவுல 0.01 மி.மீ. இடைவெளி கூடும். கேக்கச் சின்னதா இருக்கும், ஆனா அந்தப் பொடி உடையவும் எண்ணெய் ஏறவும் அது போதும்.

சூடு காட்டுறதுக்கு முன்ன டேங்க்கையும் கார்புரேட்டரையும் கழட்டி வெளியே வச்சிருங்க. ஸ்ப்ரே அடிச்ச ஈரத்து மேல சூடு காட்டாதீங்க, தீப்பிடிக்கும். ஹீட் கன்னை ஸ்டட்டுல காட்டக் கூடாது, அதைச் சுத்தி உள்ள ஹெட் உலோகத்துல காட்டணும். பக்கத்துல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. சுரீர்னு கொதிச்சு வத்தினா சரியான சூடு. சொட்டு வத்தாம முத்து மாதிரி உருண்டு ஓடினா 200 டிகிரியை நெருங்கியாச்சு, உடனே நிறுத்துங்க. அதுக்கு மேல போனா வால்வ் சீல் ரப்பர் காய்ஞ்சு விறைச்சிரும்.

சூட்டோட மெழுகுவர்த்தியை ஸ்டட் அடியில வைங்க. உருகின மெழுகை மரை உள்ள இழுத்துக்கும். வைஸ் கிரிப்பை நல்லா இறுக்கிப் பிடிச்சு, முதல்ல இறுக்குற பக்கம் மயிரிழை அசைங்க, அப்புறம் கழட்டுற பக்கம். ஒரே மூச்சுல திருப்பாதீங்க. மூணு, நாலு தடவை சூடு ஏத்தி ஆறவிட்டு முயற்சி பண்ணுங்க.

தல்லாகுளம்_100சிசி:
மூணு சுத்து பண்ணினேன் அண்ணே. மெழுகு ஏறுறது கண்ணுக்கே தெரிஞ்சுது. நாலாவதுல அசையுற மாதிரி இருந்துச்சு, ஆனா அசைஞ்சது ஸ்டட்டோட கழுத்து. இப்ப ஹெட் முகத்துக்கு அரை மி.மீ. உள்ள ஒடிஞ்சிருக்கு.

ஆர்க்_பற்றவைப்பு:
இன்னும் கெட்டுப் போயிடல. நட்டு வெல்டிங் பண்ணலாம். இதுல ரெண்டு லாபம் இருக்கு. பிடிக்கத் தலை கிடைக்குது. அதோட ஸ்டட் மட்டும் செக்கச்செவேல்னு பழுத்து விரியும்போது சுத்தி இருக்கிற பொடியை நசுக்கிரும், ஆறும்போது சுருங்கி லேசா விட்டுக்கொடுக்கும். எஃகு வெல்டிங் அலுமினியத்துல ஒட்டாதுங்கிறதால ஓரத்துல ஒழுகினாலும் தட்டினா உதிர்ந்துரும்.

மிக் மெஷின் (கம்பி தானா வந்து பத்துற வெல்டிங்) உள்ள கடையாப் பாருங்க, அதுல பொட்டு எங்க விழுதுன்னு பார்த்து வைக்கலாம். ஆர்க்தான் கிடைக்கும்னா 2.5 மி.மீ. 6013 ராடு, புதுசா, ஈரம் இல்லாம. முதல்ல ஸ்டட் நடுவுல பொட்டு மேல பொட்டா வச்சு ஹெட் முகத்துக்கு மேல 2 மி.மீ. எழுப்புங்க. அதுக்கு மேல 8 மி.மீ. நட்டை வச்சு, துளை வழியா உள்பக்கம் நிரப்புங்க. 6 மி.மீ. நட்டை வைக்காதீங்க, அந்தத் துளைக்குள்ள ராடு நுனி போய் அடியில பிடிக்காது, மேல மட்டும் மூடிக்கும். ஜிங்க் பூச்சு உள்ள நட்டுன்னா பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு வைங்க, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

வெல்டிங்குக்கு முன்ன பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும், சி.டி.ஐ. (பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கிற மின்னணுப் பெட்டி) கப்ளரையும் பிடுங்கணும். எர்த் கிளாம்ப் ஹெட்டோட இறக்கையிலயே, பக்கத்துல. சேஸ்ல மாட்டினா கரண்ட் என்ஜின் பேரிங் வழியா சுத்திப் போக வாய்ப்பு இருக்கு.

ஒட்டினதும் உடனே திருப்பாதீங்க. சிவப்பு போய்க் கறுக்கட்டும், ஒரு நிமிஷம் பொறுங்க, மெழுகு வைங்க, அப்புறம் முன்னும் பின்னும் அசைங்க. மூணு நட்டு பிய்ஞ்சா நாலாவது வரும். அவசரப்பட வேண்டாம்.

கைக்கருவி:
ஒரு விஷயத்தை யாரும் சொல்லல. ஸ்ப்ளெண்டர்ல சிலிண்டர் முன்பக்கமா நல்லாப் படுத்திருக்கும், எக்ஸாஸ்ட் வாய் தரையைப் பார்த்திருக்கும். வண்டியில வச்சே பண்ணினா வெல்டிங்கும் டிரில்லும் மேல் நோக்கித்தான் பிடிக்கணும். உருகின உலோகம் கீழ வழியும், டிரில் சாயும். ஆயிலை வடிச்சுட்டு என்ஜினை இறக்கி மேசையில தலைகீழாக் கட்டிருங்க. ஏர் கூல்டு என்ஜின், பெருசா வேலை இல்ல. இறக்குற ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பல ஹெட்டு வீணாகுது.

தல்லாகுளம்_100சிசி:
என்ஜினை இறக்கியாச்சு. பக்கத்துல மிக் இல்ல, ஆர்க்தான். நாலு நட்டு வச்சோம், நாலும் பிய்ஞ்சிருச்சு. பிய்ஞ்ச நட்டோட அடியில வெள்ளைச் சாம்பல் மாதிரி இருக்கு. இனி டிரில் தானா?

ஆர்க்_பற்றவைப்பு:
வெள்ளைச் சாம்பல்னா பொட்டு அலுமினிய ஓரத்தைத் தொட்டு அதை உருக்கி உள்ள இழுத்திருக்கு. அந்தக் கலப்படத்துல எஃகு பிடிக்காது. இனி வெல்டிங்கைத் தொடர வேண்டாம், மரை உலோகம்தான் கரையும்.

லேத்மேன்_திருப்பூர்:
சரி, டிரில்தான். ஆனா கண்ணளவுல பஞ்ச் அடிச்சு ஆரம்பிக்காதீங்க. எஃகும் அலுமினியமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா பிட் எப்பவும் மெத்துன பக்கம்தான் ஓடும். ஒரு தடவை அலுமினியத்துல இறங்கிட்டா திருப்பிக் கொண்டுவர முடியாது. வழிகாட்டித் தகடு ஒண்ணு செஞ்சுக்கோங்க.

பிளேஞ்சை (பெண்ட் பைப்பை ஹெட்டோட பிடிக்கிற ரெண்டு துளைத் தகடு) எடுத்து ரெண்டு துளைக்கும் உள்ள மையத் தூரத்தை வெர்னியர்ல அளங்க. துளைகளோட வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் ஒரு அளவு, உள் ஓரத்துல இருந்து உள் ஓரம் ஒரு அளவு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா மையத் தூரம். 10 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டுல அந்தத் தூரத்துல ரெண்டு துளை போடச் சொல்லுங்க. ஒண்ணு 6 மி.மீ., நல்ல ஸ்டட்டுல ஆட்டமில்லாம உட்காரணும். இன்னொண்ணு 3 மி.மீ. நல்ல ஸ்டட்டுல மாட்டி, 3 மி.மீ. துளை வழியா ஒடிஞ்ச ஸ்டட்டோட நடுவைப் பார்த்துத் தகட்டைத் திருப்பி நட்டைப் போட்டு இறுக்குங்க. அதனால அந்த இடது ஸ்டட்டை இப்போதைக்குத் தொடாதீங்க, அதுதான் உங்க அடையாளக் கல். வெல்டிங் மிச்சம் மேடா இருந்தா அதை மட்டும் கிரைண்டிங் கல்லால மட்டமாக்கிக்கோங்க.

ஆழம் எவ்வளவுன்னு குழம்ப வேண்டாம். புது ஸ்டட்டை வாங்கி, ஹெட்டுக்குள்ள போற மரை நீளத்தை அளங்க. அதுக்கு மேல 1 மி.மீ. போதும். பிட்டுல ஒட்டுற டேப் சுத்தி அடையாளம் வைங்க. அடி மூடின துளை அது.

எக்ஸாஸ்ட் வால்வ் மூடியிருக்கிற நிலையில கிராங்க்கை நிறுத்தி, கிரீஸ் தடவின துணியால வாயை அடைங்க. முதல்ல 3 மி.மீ., கூர் புதுசா, கட்டிங் ஆயில் சொட்டு விட்டு, 1000 சுத்துக்குப் பக்கத்துல. அப்பப்ப வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்க. இடது கை பிட் (எதிர்ப்பக்கம் சுத்தி வெட்டுறது) கிடைச்சா அதுலயே போடுங்க, துளை போடும்போதே ஸ்டட் கழண்டு வர்றதும் உண்டு. அப்புறம் தகட்டைக் கழட்டிட்டு 4, அதுக்கப்புறம் 4.8. மையத்துல இறங்கியிருந்தா மிச்சம் இருக்கிறது மரைச் சுருள் மட்டும்தான். ஊசி முனையால ஒரு நுனியை நெம்பினா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வரும். அதுக்கப்புறம் 6x1 டேப்பை (துளைக்குள்ள மரை வெட்டுற கருவி) விட்டு மரையைச் சுத்தம் பண்ணுங்க. அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால, மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு.

தல்லாகுளம்_100சிசி:
3 மி.மீ. நடுவுல இறங்கிருச்சு, தகடு அருமையா வேலை செஞ்சுது. 4.8 வரை போயாச்சு. சுருள் பாதி வந்துச்சு. ஆனா வெளிப்பக்கத்து ரெண்டு, மூணு மரை ஏற்கனவே வெல்டிங்ல கரைஞ்சிருக்கு. ஸ்டட் போட்டா ஆடுது. எம்-சீல் வச்சு ஒட்டலாம்னு ஒருத்தர் சொல்றார்.

பழைய_ஹோண்டா:
எக்ஸாஸ்ட் வாய்ல எம்-சீல் நிக்காது தம்பி, அந்தச் சூட்டுல பொடிஞ்சிரும். உங்க முன்ன ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலா துளைக்குள்ள திருகி வைக்கிற கம்பிச் சுருள். 6x1-க்கு 6.3 மி.மீ. பிட், அந்த செட்டோட வர்ற தனி டேப், 9 மி.மீ. நீளக் காயில். சாதாரண 6 மி.மீ. டேப் இதுக்கு ஆகாது. காயிலை ஹெட் முகத்துக்கு அரைச் சுத்து கீழே நிறுத்துங்க, வெளியே துருத்தினா ஸ்டட் சரியா உட்காராது. அடியில இருக்கிற குறுக்கு வாலைப் பஞ்ச் வச்சு ஒடிச்சதும் அந்தத் துண்டை மறக்காம எடுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்துல சரியா ஒட்டாது. குச்சி நுனியில கெட்டி கிரீஸ் தடவி ஒத்தி எடுங்க.

இன்னொண்ணு ஸ்டெப் ஸ்டட், ரெண்டு முனையும் வேற வேற தடிமன்ல இருக்கும். ஹெட் பக்கம் 8x1.25, வெளிப்பக்கம் 6x1. எந்த லேத்லயும் அரை மணி நேர வேலை. ஹெட்டுல 6.8 மி.மீ. துளை, 8 மி.மீ. டேப். சுத்தி உலோகம் தாராளமா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பண்ணணும். உங்க துளை மையத்துலயே இருக்கிறதால நான் ஹெலிகாயிலைத்தான் சொல்வேன். பின்னால அதுவும் போனாலும் ஸ்டெப் ஸ்டட்டுக்கு இடம் மிச்சம் இருக்கும். முதல்லயே 8 போட்டுட்டா அதுக்கப்புறம் ஆர்கான் வெல்டிங்ல துளையை நிரப்புறது தவிர வழி இல்ல.

கைக்கருவி:
மாட்டும்போது: புது ஸ்டட்டை ரெண்டு நட்டு பூட்டிப் போட்டு அடி தட்டுற வரை இறக்கி நிறுத்துங்க, அடியில வச்சு நெரிக்காதீங்க. திரெட் ராடை வெட்டி ஸ்டட்டாப் போட வேண்டாம், இரும்பு மெத்து. நட்டு பக்க மரையில காப்பர் பேஸ்ட் லேசா. வாய்க்குள்ள பழைய கேஸ்கெட் வளையம் ஒட்டியிருக்கும், அதை நெம்பி எடுத்துட்டுப் புதுசு. பழசு மேலயே புதுசு வச்சா பிளேஞ்ச் சாய்ஞ்சு ஒரு ஸ்டட் மட்டும் சுமை தாங்கும்.

ரெண்டு நட்டையும் கையால ஒட்ட வச்சு, சைலென்சர் பின் போல்ட்டையும் தளர்வா மாட்டிட்டு, அப்புறம் மாத்தி மாத்தி இறுக்குங்க. பின் போல்ட்டை முதல்ல முறுக்கிட்டு முன்பக்கத்தை இழுத்துப் பிடிக்காதீங்க, அந்த இழுப்பு முழுக்க ஸ்டட்டுலதான் நிக்கும். 6 மி.மீ.க்கு 10 நியூட்டன் மீட்டர். பேஸ்ட் போட்டிருந்தா கொஞ்சம் குறைச்சு. டார்க் ரெஞ்ச் இல்லன்னா: 10 செ.மீ. பிடியில 10 கிலோ அழுத்தம், அவ்வளவுதான். முழு ஸ்பேனரையும் முஷ்டியில பிடிச்சு இழுக்க வேண்டிய இடம் இல்ல.

தல்லாகுளம்_100சிசி:
ஹெலிகாயில் போட்டு ஸ்டட் நின்னுருச்சு, ஆட்டம் இல்ல. இடது ஸ்டட்டையும் இப்பவே மாத்தலாமா, இல்ல அப்படியே விடலாமா?

லேத்மேன்_திருப்பூர்:
மரைக்கு நடுவுல இடுப்பு மாதிரி ஒல்லியா இருக்கான்னு வெர்னியர் வச்சுப் பாருங்க. 5.5-க்குக் கீழ தேய்ஞ்சிருந்தா மாத்துங்க. என்ஜின் மேசையில இருக்கு, ஸ்டட் முழு நீளமும் வெளியே நிக்குது, இதை விட வசதி திரும்ப வராது. ஆனா சூடு ஏத்தி, மெழுகு வச்சு, ரெண்டு நட்டு பூட்டி, அசைச்சுத்தான். முதல் ரெண்டு சூட்டுல அசையலன்னா நிறுத்திட்டு, மரையைப் பிரஷ்ல தேய்ச்சு, 6x1 டையை (கம்பி மேல மரை வெட்டுற கருவி) ஒரு தடவை ஓட்டிச் சுத்தம் பண்ணி அதையே வச்சுக்கோங்க.

வண்டி 100 கி.மீ. ஓடினதும், என்ஜின் நல்லா ஆறின பிறகு ரெண்டு நட்டையும் ஒரு தடவை சரிபாருங்க. புது கேஸ்கெட் நசுங்கி உட்காருறதால கால் சுத்து வரை எடுக்கும். வாயைச் சுத்திக் கறுப்புப் புகைக்கோடு தெரிஞ்சாலோ, ஆக்சிலேட்டரை விடும்போது பட் பட்னு சத்தம் வந்தாலோ அங்க காத்து கசியுதுன்னு அர்த்தம்.