வீவக வீடு, ஓட்டு, புளோக் கணக்கு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்கில் இருந்த அப்பாவின் நான்கறை வீட்டைப் போன மாதம்தான் ஒருவழியாக விற்றோம். ஒன்பது மாதம் இழுத்துவிட்டது. வீட்டில் ஒரு குறையும் கிடையாது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஆறு நிமிட நடை, மேற்கு வெயில் அடிக்காது.

இரண்டாவது மாதமே ஒரு சீனத் தம்பதி வந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஐஸ்பெட்டி நுழையுமா என்று சமையலறைச் சுவரைக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அவர்களுடைய முகவர் போனைப் பார்த்து முகம் மாறினார். ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. எங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிறைந்துவிட்டதாம். அப்படியானால் சீனர் ஒருவர் சீனரிடம்தான் வாங்கலாம், இந்தியரான எங்களிடம் வாங்க முடியாது. அதைப் பார்க்காமலேயே கூட்டி வந்துவிட்டார் மனிதர். "சாரி அங்கிள்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அதே மாடியில் அதே அளவு வீடு வைத்திருந்த சீன அண்டைவீட்டார் ஆறே வாரத்தில் விற்றுவிட்டார். எங்கள் வீடு அதைவிட 35,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைவாகப் போனது.

இந்த விகிதத்தை வைத்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைக்கு நான் எதிரி இல்லை. எல்லாரும் கலந்து வாழ்வதால் நாட்டுக்கே நன்மை என்றால், அதற்கான பில் மட்டும் ஏன் அப்பா மாதிரி ஆட்கள் வீட்டுக்கு வருகிறது? தேர்தல் வந்தால் இது பேச்சில் அடிபடுகிறது, முடிந்ததும் அடங்கிவிடுகிறது. புளோக்கை வைத்துக் கணக்குப் போட்டதில் உங்களுக்கு என்ன நேர்ந்தது? எழுதுங்கள்.

*முன்பு பொத்தோங் பாசிர், இப்போது செங்காங்*

உங்கள் கணக்கு இனக் கணக்கு. எங்களுடையது ஓட்டுக் கணக்கு.

நாங்கள் இருந்தது ஏழாவது மாடி. லிஃப்ட் 1, 5, 9 மாடிகளில்தான் நிற்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறவே மாட்டார். அதனால் வீட்டுக்கு வரும்போது ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்குவோம். வெளியே போக ஐந்துக்கு இறங்குவோம். போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். எட்டாவது மாடிப் படித்திருப்பத்தில் அம்மாவுக்காக ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு வைத்திருந்தோம். அக்கம்பக்கத்தார் யாரும் அதைத் தொட்டதில்லை.

பொத்தோங் பாசிர், எதிர்க்கட்சியின் சியாம் சீ தோங் 1984 முதல் ஜெயித்துவந்த தொகுதி. 1997 தேர்தலில் பிரதமர் கோ சோக் தோங் பழைய புளோக்குகளைப் புதுப்பிக்கும் மேம்பாட்டுத் திட்டத்தை ஓட்டோடு முடிச்சுப் போட்டார். ஆதரித்த வட்டாரத்துக்கு முன்னுரிமை. "எங்கள் நிர்வாகத்தால் மிஞ்சிய பணம், எங்களை ஆதரித்தவர்களுக்கு முதலில்" என்பது ஆளுங்கட்சியின் வாதம். வரி எல்லாரும்தானே கட்டுகிறோம் என்பது என் அண்ணன் வாதம். 2006ல் எங்கள் தொகுதிக்கு 8 கோடி வெள்ளி, இன்னோர் எதிர்க்கட்சித் தொகுதியான ஹவ்காங்குக்கு 10 கோடி வெள்ளி என்று மேம்பாட்டுத் திட்டங்களைக் காட்டினார்கள். இரண்டு தொகுதியும் அசையவில்லை.

எங்கள் வீட்டில்தான் அசைந்தது. அண்ணன் ஒரு பக்கம், லிஃப்ட் வந்தால் போதும் என்று சித்தி ஒரு பக்கம். சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை. அம்மா வாயே திறக்கவில்லை. அவருக்கு வேறு பயம். ஓட்டுச்சீட்டில் வரிசை எண் இருக்கிறதே, யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடுமே என்று. சீட்டுகளை முத்திரையிட்டு ஆறு மாதம் வைத்திருந்து எரித்துவிடுவார்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவுமில்லை.

2011ல் 114 ஓட்டில் தொகுதி ஆளுங்கட்சிக்குக் கைமாறியது. அதற்குள் நாங்கள் செங்காங்குக்கு வந்துவிட்டோம். இங்கே எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும். ஆனாலும் முதல் சில மாதம் அம்மா பழக்கதோஷத்தில் நம் மாடிக்கு இரண்டு மாடி மேலேதான் பட்டனை அழுத்துவார்.

*ஈசூன், ஓய்வுபெற்றவன்*

தங்கச்சி, உன் 35,000 எனக்குப் புரிகிறது. ஆனால் 1964ல் எனக்கு ஒன்பது வயது. ஜூலையில் ஓர் இனக் கலவரம், செப்டம்பரில் இன்னொன்று. ஊரடங்கில் அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தார். அதைப் பார்த்தவனுக்கு இந்த விகிதக் கணக்கு அவ்வளவு கசக்காது.

1989ல் இதைக் கொண்டுவந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் நம் தனபாலன். பெடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள் என்று பழையபடி குவிய ஆரம்பித்ததால்தான் கொண்டுவந்தார்கள். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் 13 என்று உச்சவரம்பு.

அந்த 13ல் நானும் அடிபட்டவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் தங்கை வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வீடு, விலை பேசி முடித்தாகிவிட்டது. இந்தியர் விகிதம் நிறைந்துவிட்டது என்றார்கள். மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளித்தான் கிடைத்தது. தங்கை வைக்கும் மீன்குழம்பு வந்து சேர்வதற்குள் ஆறிப்போகும், அவ்வளவுதான் நஷ்டம். 2010ல் அதை 15 ஆக உயர்த்தினார்கள். ஓட்டையும் லிஃப்டையும் முடிச்சுப் போட்டதை மட்டும் நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

*சொத்து முகவர், பெயர் வேண்டாமே*

போனை எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை அறை?" இல்லை, "உங்கள் இனம் என்ன?" கேட்கும்போது எனக்கே நாக்கு கூசும். விகிதம் மாதத்தின் முதல் தேதி மாறும். அன்று காலை காப்பிக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். கணவன் மனைவி வேறு வேறு இனம் என்றால் ஒருவருடைய இனத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போதே இதை யோசியுங்கள்.

*மறுபடியும் நான்*

ஈசூன் அண்ணே, 1964ஐ என் அப்பாவும் சொல்வார். கலப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஈடு கொடுங்கள் என்கிறேன். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இது பெரிதாகவே விவாதிக்கப்பட்டது. 2022 மார்ச்சில், இந்தக் கொள்கையால் விற்கவே முடியாமல் திணறுபவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். அது நல்ல மாற்றம்தான். ஆனால் எங்கள் வீடு விற்கவே முடியாத வீடில்லையே, விலை குறைத்தால் விற்கும் வீடு. அந்த இடைவெளியில் இருப்பவர்களைப் பற்றி 2025 தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு வந்த வேட்பாளரிடம் கேட்டேன். கையைக் குலுக்கிவிட்டுத் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாங்கியது ஒரு தமிழ்க் குடும்பம். சாவி கொடுக்கும் முன், சுவரில் அறைந்திருந்த சாமி அலமாரியைக் கழற்ற அப்பா திருப்புளியோடு நாற்காலியில் ஏறினார். அந்தம்மா ஓடிவந்து, "அது இருக்கட்டும் ஐயா, நாங்களும் அங்கேதான் வைப்போம்" என்றார். அப்பா இறங்கி, திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காரில் வரும்போது விலையைப் பற்றிப் பேச்சே இல்லை, அலமாரியைப் பற்றித்தான்.